அழைப்பும் ஒப்படைப்பும்: மருத்துவமனைத் தாதியரின் தகவல் தொடர்பில் கருவிகள் பெற்ற இடம்

முன்னுரை

தமிழ் அகப்பொருள் மரபில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், தோழியை ஈன்றவள். களவொழுக்கம் வெளிப்பட வேண்டிய நிலை வரும்போது தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் உண்மையை உணர்த்துவதை இலக்கண நூலார் 'அறத்தொடு நிற்றல்' என்று வகுத்தனர். ஒரு செய்தியை யார், யாரிடம், எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு முறைமை உண்டு. அந்தத் தொடரின் நடுவில் செவிலி நிற்கிறாள். இன்று மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பேணுவோரைத் தமிழகத்தார் 'செவிலியர்' என்பர்; மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'தாதியர்' என்ற சொல்லே பெருவழக்கு. வடமொழி வழி வந்த 'தாதி' என்ற சொல்லுக்கும் வளர்ப்புத்தாய் என்னும் பொருள் உண்டு. சொற்களின் பொருள் மாறினாலும் செய்தித் தொடரில் அவருக்குரிய இடம் மாறவில்லை. நோயாளிக்கும் மருத்துவருக்கும், குடும்பத்தாருக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் இன்றும் தாதியே நிற்கிறார்.

மருத்துவர் ஒரு நோயாளியின் படுக்கையருகே சில நிமிடங்களே நிற்பார். தாதியர் இரவும் பகலும் முறைமாறிப் பணிபுரிவர். நாளொன்றுக்கு மூன்று பணிமுறைகள் எனக் கொண்டால், பத்து நாள்கள் தங்கும் நோயாளி ஏறத்தாழ முப்பது முறை ஒரு தாதியிடமிருந்து மற்றொரு தாதியிடம் ஒப்படைக்கப்படுகிறார். ஒவ்வோர் ஒப்படைப்பிலும் ஏதேனும் ஒன்று விடுபடக்கூடும். எந்த மருந்து ஒவ்வாதது, எந்தச் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை, நள்ளிரவில் எவ்வகை மூச்சுத் திணறல் இருந்தது என்பன போன்ற செய்திகளுள் ஒன்று தவறினாலும் உயிருக்கே கேடு நேரலாம்.

ஆகவே, தாதியரின் தகவல் தொடர்பைக் கருவிகளால் மேம்படுத்தும் முயற்சி ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அம்முயற்சியை அழைத்தல், பதிதல், ஒப்படைத்தல் என மூவகையாகப் பகுத்துக் காணலாம். முதல் இரண்டிலும் கருவிகள் பெரும் வளர்ச்சி கண்டன. மூன்றாவதாகிய ஒப்படைத்தலில் அவ்வளர்ச்சி மிகப் பின்தங்கியே வந்தது. அதற்கான காரணத்தை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணியும் விளக்கும்

புளோரன்ஸ் நைட்டிங்கேலை நம் மாணவர்கள் 'கைவிளக்கேந்திய காரிகை'யாக அறிவர். அவர் விளக்கைப் பற்றிச் சிந்தித்த அளவுக்கு மணியைப் பற்றியும் சிந்தித்தவர் என்பது பரவலாக அறியப்படவில்லை. கிரிமியப் போருக்குச் செல்வதற்கு முந்திய ஆண்டாகிய 1853இல், லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்காக நடந்த ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். அவ்வேளையில் நிருவாகக் குழுவினர்க்கு எழுதிய மடலில் சில வசதிகளைக் கேட்டிருந்தார். வெந்நீர் குழாய் வழியே ஒவ்வொரு மாடிக்கும் வரவேண்டும். உணவை மேலேற்ற ஓர் ஏற்றி அமைய வேண்டும். நோயாளிகளின் மணிகள் அனைத்தும் அந்தந்த மாடித் தாதியின் அறை வாசலிலேயே ஒலிக்க வேண்டும். மணி ஒலித்ததும் ஒரு சிறு மூடி திறந்து, தாதி வந்து பார்க்கும்வரை திறந்தே இருக்க வேண்டும். இத்தகைய ஏற்பாடு இல்லையெனில் தாதி வெறும் இரு கால்களாகவே ஆகிவிடுவார் என்பது அவர் கருத்து.

இக்கோரிக்கையில் இரண்டு நுட்பங்களைக் காண்கிறோம். அழைத்தவர் யார் என்பது தெரிய வேண்டும் என்பது ஒன்று. ஒலி அடங்கிய பின்னும் அழைப்பின் அடையாளம் நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. இன்றைய மின்னணு அழைப்பு முறைகள் யாவும் இவ்விரு கொள்கைகளின் மேல் எழுந்தவையே எனலாம்.

1859இல் வெளிவந்த தாதிமை பற்றிய தம் நூலில் நைட்டிங்கேல் இன்னும் ஒருபடி மேலே சென்றார். தாம் இருக்கும்போது நடைபெறும் பணி, தாம் இல்லாதபோதும் அவ்வாறே நடைபெறும்படி ஏற்பாடு செய்வதே சிறந்த மேலாண்மை என அவர் வலியுறுத்தினார். ஒப்படைப்பு என்ற கருத்தின் விதையை இங்கே காண்கிறோம். 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. நம் வட்டாரத்தில், 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியர் பணியேற்றது தாதிமைத் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அந்நாளே சிங்கப்பூரில் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணியொலி நோயாளிகளின் உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதால் மின்விளக்கு அழைப்புகள் வந்தன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் படுக்கையிலிருந்தே பேசும் ஒலிவாங்கி முறை வந்தது. இவை அனைத்தும் பயனுள்ளவை. ஆயினும், இவை நோயாளி தாதியை அழைக்க அமைந்தவை. ஒரு தாதி மற்றொரு தாதியுடன் பேசுவதற்கு இவற்றுள் எதுவும் ஆக்கப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கார்டெக்ஸ் அட்டையும் ஒலிநாடாவும்

தாதியர் தமக்குள் செய்தி பகிர்ந்துகொள்ள நெடுங்காலம் பயன்படுத்திய கருவி மிக எளியது. அலுவலகங்களுக்கென உருவான கார்டெக்ஸ் என்னும் அட்டைக் கோப்பு, இருபதாம் நூற்றாண்டில் உலகின் பல மருத்துவமனைகளின் வார்டுகளுக்குள் நுழைந்தது. நோயாளி ஒருவருக்கு ஓர் அட்டை. அதில் உணவு, மருந்து, செய்ய வேண்டிய சோதனை, கவனிக்க வேண்டிய குறிப்பு ஆகியன பென்சிலால் எழுதப்படும். நிலை மாறினால் அழித்து எழுதுவர். நோயாளி வீடு திரும்பியதும் அந்த அட்டை பெரும்பாலும் அகற்றப்படும்.

பென்சில் என்பதே இங்கு முக்கியமானது. மருத்துவக் கோப்பு மையால் எழுதப்படும் சான்று; சட்டத்தின் முன் நிற்கக்கூடியது. கார்டெக்ஸ் அட்டையோ தாதியர் தமக்குள் பேசிக்கொள்வதன் எழுத்து வடிவம். மருத்துவக் கோப்பில் எழுத இயலாத, ஆனால் அடுத்து வருபவர் அறிய வேண்டிய செய்திகளுக்கு அதில் இடமிருந்தது. அந்த அட்டையை நடுவில் வைத்துக்கொண்டு, பணிமுறை முடித்துச் செல்பவர் சொல்ல, வருபவர் கேட்டு வினவுவது வழக்கமாயிற்று.

ஒலிநாடாக் கருவி பரவியபோது சில மேலைநாட்டு மருத்துவமனைகள் இப்பேச்சையே பதிவு செய்ய முற்பட்டன. செல்பவர் தம் அறிக்கையை நாடாவில் பதிவு செய்துவிட்டு நோயாளிகளைக் கவனிக்கச் செல்வார். வருபவர் அதனைக் கேட்டறிவார். நேரம் மிச்சமாகும் என்பதே நோக்கம். ஆயினும், நாடாவிடம் கேள்வி கேட்க இயலாது. ஐயம் எழுந்தால் பதிவு செய்தவரைத் தேடிச் செல்ல வேண்டும். அவர் வீடு திரும்பியிருக்கவும் கூடும். சொல்லுதல் நிகழ்ந்தது, ஒப்படைத்தல் நிகழவில்லை. கேட்பவர் திருப்பிக் கேட்கும் வாய்ப்பே ஒப்படைப்பின் உயிர்நாடி என்பதை இச்சோதனை புலப்படுத்தியது.

ஒருவழி அழைப்பின் காலம்

1949இல் அமெரிக்கரான ஆல் கிராஸ் பேஜர் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1950இல் நியூயார்க்கின் யூத மருத்துவமனையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1956இல் மல்ட்டிடோன் என்னும் பிரித்தானிய நிறுவனம், நைட்டிங்கேல் பள்ளி தோன்றிய அதே புனித தாமஸ் மருத்துவமனையில் பேஜர் முறையை நிறுவியது. அடுத்த அரை நூற்றாண்டில் பேஜர் மருத்துவமனை வாழ்வின் அடையாளமாகவே மாறிவிட்டது.

பேஜரின் இயல்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது பெரும்பாலும் மருத்துவரின் இடுப்பில் இருந்தது, அழைப்பவர் தாதி. அழைத்துவிட்டுத் தொலைபேசியருகே அவர் காத்திருக்க வேண்டும். செய்தி சேர்ந்ததா, எவ்வளவு அவசரம் என்று உணரப்பட்டதா என்பன அவருக்குத் தெரியா. மருத்துவரின் நேரத்தைக் காத்த கருவி, தாதியின் நேரத்தைச் செலவழித்தது. இருப்பினும், அது நம்பகமானது, மலிவானது, கட்டடத்தின் மூலை முடுக்குகளிலும் எட்டக்கூடியது என்பதால் எளிதில் மறையவில்லை. 2019இல் பிரித்தானியத் தேசிய மருத்துவச் சேவையில் ஏறத்தாழ 130,000 பேஜர்கள் புழக்கத்தில் இருந்தன. 2021 இறுதிக்குள் அவசரகாலத் தேவை தவிர்ந்த ஏனையவற்றைக் கைவிடுமாறு அவ்வாண்டில் அந்நாட்டு அரசு பணித்தது.

2000இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட வோசெரா நிறுவனம், சட்டையில் அணியும் சிறு பட்டை வழியே பெயரைச் சொல்லி அழைத்தால் அவருடன் பேசக்கூடிய கருவியை மருத்துவமனைகளுக்கு வழங்கியது. கைகள் வேலையில் இருக்கும்போதே சக தாதியின் உதவியைக் கேட்க இயன்றது. இருவழிப் பேச்சை வார்டுக்குள் கொண்டுவந்தது இதன் சிறப்பாகும்.

ஆனால், அழைப்புகள் பெருகப் பெருக வேறோர் இடரும் பெருகிற்று. இதயத் துடிப்பு மானி, சொட்டு மருந்துக் கருவி, மூச்சுக் கருவி என ஒவ்வொன்றும் ஒலியெழுப்பத் தொடங்கின. இடையறாத ஒலிகளுக்கிடையே உண்மையான எச்சரிக்கை காதில் விழாமற்போகும் நிலையை 'எச்சரிக்கை ஒலிச் சோர்வு' என்பர். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2013இல் வெளியிட்ட எச்சரிக்கையில், 2009 சனவரி முதல் 2012 சூன் வரை ஒலி எச்சரிக்கைகள் தொடர்பாகத் தனக்கு அறிவிக்கப்பட்ட 98 நிகழ்வுகளுள் 80 மரணத்தில் முடிந்தவை எனத் தெரிவித்தது. நைட்டிங்கேல் கேட்ட மணி, யார் அழைத்தார் என்பதைத் தெளிவாக்குவதற்காக அமைந்தது. எல்லாமே அழைக்கும்போது அத்தெளிவு இல்லாமற்போகிறது.

கணினியும் கலைச்சொல்லும்

1971இல் கலிபோர்னியாவின் எல் காமினோ மருத்துவமனையில் நிறுவப்பட்ட கணினி முறை, மருத்துவர் கட்டளைகளையும் தாதியர் குறிப்புகளையும் ஒரே தொகுப்பில் இணைத்த முன்னோடிகளுள் ஒன்றாகும். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுச் செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் இருந்தது. மருத்துவரின் கையெழுத்தைப் படிக்கத் திணறும் துன்பம் தாதியர்க்கு நீங்கியது.

எனினும், கணினிக்குள் செல்ல ஒரு செய்திக்குப் பெயர் வேண்டும். நோய்களுக்கும் மருந்துகளுக்கும் பெயர்கள் ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்டிருந்தன. தாதி செய்யும் பணிகளுக்கோ ஒருங்கிணைந்த பெயர்ப்பட்டியல் இல்லை. இக்குறையை உணர்ந்த கிறிஸ்டின் கெபி, மேரி ஆன் லாவின் ஆகியோர் 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தாதிமை சார்ந்த கணிப்புகளை வகைப்படுத்தும் முதல் மாநாட்டைக் கூட்டினர். 1989இல் அனைத்துலகத் தாதியர் மன்றம் உலகளாவிய தாதிமைச் சொல் தொகுப்பு ஒன்றை உருவாக்க முடிவு செய்தது. அதன் முதல் முழுப்பதிப்பு 2005இல் வந்தது. பெயரில்லாத பணி பதிவாகாது. பதிவாகாத பணிக்கு ஆள்பலமும் ஊதியமும் கேட்பது கடினம் என்பதை அத்தொழில் சார்ந்தோர் நன்கு உணர்ந்திருந்தனர். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுவரும் தமிழாசிரியர்களுக்கு இவ்வரலாறு புதிதன்று.

மலேசியாவில் இந்த மாற்றம் 1990களின் இறுதியில் தொடங்கியது. எம்.எஸ்.சி. எனப்படும் பல்லூடகப் பெருவழித் திட்டம் 1996இல் அறிமுகம் கண்டது. மின்மருத்துவம் அதன் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. பத்துமலைக்கு அருகிலுள்ள செலாயாங் மருத்துவமனை 1999இல், காகிதமற்ற மருத்துவமனை என்னும் திட்டத்தோடு திறக்கப்பட்டது. நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது.

மின்பதிவின் நன்மைகள் பல. கோப்பு தொலைவதில்லை, பலர் ஒரே வேளையில் படிக்கலாம், ஒவ்வாத மருந்தைக் கணினியே சுட்டிக்காட்டும். ஆனால், பென்சில் அட்டையின் இடத்தை அது முழுமையாக நிரப்பவில்லை. மின்பதிவில் எழுதப்படுவது எல்லாம் நிலையான சான்று. ஆதலால் தாதியர் அதில் எச்சரிக்கையோடே எழுதுவர். மின்பதிவு வந்த பின்னரும் பல நாடுகளில் தாதியர் ஒரு மடித்த தாளில் தம் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதைக் காண்கிறோம். இதனைப் பழமைப் பற்று என ஒதுக்குதல் பொருந்தாது. தங்களுக்குள் பேசிக்கொள்வதற்குரிய இடம் கணினியில் இல்லை என்பதற்கு அத்தாளே சான்று.

ஒப்படைப்புக்கு ஓர் இலக்கணம்

1967இல் லெனார்ட் ஸ்டைன் என்னும் அமெரிக்க உளமருத்துவர் 'மருத்துவர்–தாதி விளையாட்டு' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாதி தம் கருத்தை நேரே கூறாமல், மருத்துவரே அதைக் கண்டுபிடித்தது போலத் தோன்றும்படி குறிப்பாக உணர்த்த வேண்டியிருந்த நிலையை அதில் விளக்கினார். குறிப்புமொழி அகப்பாடலுக்கு அழகு. தோழி குறிப்பாகப் பேசினால் சுவை கூடும். மருத்துவமனையில் குறிப்பாகப் பேசினால் காலம் கடந்துவிடும். இச்சிக்கலை எந்த மணியும் பேஜரும் கணினியும் தீர்க்கவில்லை. ஏனெனில் இது கருவியைச் சார்ந்த சிக்கல் அன்று. யார் பேசலாம் என்னும் படிநிலையைச் சார்ந்தது.

1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்க்கக்கூடிய பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என மதிப்பிட்டது. அதன் பின்னர், தகவல் தொடர்புக் குறைபாடு ஆய்வாளரின் கவனத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிகளில் தோன்றிய ஓர் உரையாடல் முறையைக் கைசர் பெர்மனெண்டே மருத்துவ நிறுவனத்தார் மருத்துவமனைக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். 'எஸ்பார்' எனப்படும் அம்முறை நான்கு படிகளைக் கொண்டது: இப்போதைய நிலை, அதன் பின்னணி, சொல்பவரின் மதிப்பீடு, அவர்தம் பரிந்துரை. நான்காவது படியே புரட்சிகரமானது. 'இவ்வாறு செய்யலாம் எனக் கருதுகிறேன்' என்று சொல்வது தாதியின் உரிமையாகவும் கடமையாகவும் ஆயிற்று.

2006இல் கூட்டு ஆணையம், ஒப்படைப்புக்கு ஒரு சீரான முறையைப் பின்பற்றுவதையும் வினவுவதற்கு வாய்ப்பளிப்பதையும் மருத்துவமனைகளின் கடமையாக்கியது. 2007இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளுள் ஒப்படைப்புக்கால உரையாடலும் ஒன்றாக இடம்பெற்றது. 2014இல் வட அமெரிக்காவின் ஒன்பது மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்களிடையே நடந்த ஆய்வொன்று, பேச்சையும் எழுத்தையும் சீரமைத்த ஒப்படைப்பு முறையால் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன எனக் காட்டியது. மருத்துவர்களிடம் நடந்த ஆய்வாயினும், முறை சீரானால் பிழை குறையும் என்ற அதன் படிப்பினை தாதியர்க்கும் பயன்படுவதே.

நம் சூழலும் மொழியும்

இன்றைய தாதியின் கையில் திறன்பேசி இருக்கிறது. மலேசியத் தமிழர் 'புலனம்' என வழங்கும் வாட்ஸ்அப் செயலி, பணிமுறை அட்டவணை முதற்கொண்டு பலவற்றையும் நொடியில் பகிரச் செய்கிறது. 2020இல் கோவிட் பெருந்தொற்றின்போது, பாதுகாப்பு உடைக்குள் குரல் கேட்காத நிலையில், கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்தவரோடு பேச இக்கருவிகளே துணை நின்றன. ஆயினும், நோயாளியின் மறைசெய்திகள் தனியார் கைப்பேசிகளில் தேங்குவது இடர் தருவதே. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் கணினிக் கிருமி இங்கிலாந்தின் 236 மருத்துவ அறக்கட்டளைகளுள் குறைந்தது 80ஐப் பாதித்தது. பல இடங்களில் பணியாளர் மீண்டும் பேனாவையும் தாளையும் எடுத்தனர். 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் குழுமத்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் தன்விவரங்கள் களவாடப்பட்டன. அதனைத் தொடர்ந்து அந்நாட்டுப் பொது மருத்துவத்துறைக் கணினிகள் இணைய உலாவலிலிருந்து பிரிக்கப்பட்டன. வசதியும் பாதுகாப்பும் ஒன்றையொன்று இழுக்கும் இந்நிலையில், இடையில் நிற்பவர் தாதியே.

நம் நாடுகளுக்குரிய வேறொரு சிக்கலையும் சுட்டுதல் வேண்டும். நோயாளி தமிழில் கூறுவதைத் தாதி மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டு, ஆங்கிலத்தில் பதிகிறார். முதிய தமிழ் நோயாளி ஒருவர் 'மயக்கமாக வருகிறது' என்கிறார் எனக் கொள்வோம். தமிழில் மயக்கம் என்பது தலைச்சுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும். மருத்துவத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு காரணங்களைத் தேடச் செய்வன. திரையில் ஒரு கட்டத்தைத் தேர்ந்த அக்கணமே அச்சொல்லின் மற்றொரு பொருள் மறைந்துவிடுகிறது. அடுத்த பணிமுறைத் தாதி அந்தக் கட்டத்தை மட்டுமே காண்பார். 'கண் இருண்டதா, கீழே விழுந்தீர்களா?' என ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும். மொழிபெயர்ப்புச் செயலிகள் பெருகிவரும் இக்காலத்திலும் அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் தமிழறிந்த ஒரு மனிதரே.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, தாதியை அழைப்பதற்கான கருவிகள் விரைந்து வளர்ந்தன. தாதியர் தமக்குள் கலந்து பேசுவதற்கான கருவிகள் அவ்வாறு வளரவில்லை. இரண்டாவது, ஒலிநாடா, பேஜர் போன்று திருப்பிக் கேட்க இடம் தராத கருவிகள் ஒப்படைப்பில் குறையுற்றன. அட்டையை நடுவில் வைத்த உரையாடலும் நான்கு படி முறையும் நிலைபெற்றன. மூன்றாவது, பேசும் உரிமை இல்லாதவர் கையில் எத்துணைச் சிறந்த கருவியைக் கொடுத்தாலும் செய்தி உரிய இடத்தைச் சென்று சேர்வதில்லை.

எனவே, ஒரு மருத்துவமனை புதிய கருவியை வாங்குமுன் அதனைப் பயன்படுத்தவிருக்கும் தாதியரை அழைத்து, 'இதன்வழி நீங்கள் கேள்வி கேட்க இயலுமா?' என வினவுதல் நன்று. தமிழ் கற்பிப்போர்க்கும் இதில் பங்குண்டு. உடல்நோவைக் குறிக்கும் நம் வழக்குச் சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருள் வேறுபாடுகளை விளக்கும் ஒரு சிறு கையேட்டைத் தாதிமைப் பயிற்சிக் கல்லூரிகளோடு இணைந்து ஆக்கலாம். பொருள் தெளிவாகச் சொல்லவும் ஐயம் தீரக் கேட்கவும் பழக்குவதே மொழியாசிரியர் பணி. அப்பணியின் பயன் மருத்துவமனைப் படுக்கையருகிலும் தேவைப்படுகிறது.